எஸ்எம்ஏ குழந்தைக்குச் சளி பிடித்தால்: "மோசமானால் வாங்க" என்பதற்கு வீட்டில் எந்தக் கணக்கு?

இரவுவிளக்கு கேட்கிறார்:

வணக்கம். மகளுக்கு 4 வயது, எஸ்எம்ஏ டைப் 2 (தசைகளைப் பலவீனமாக்கும் மரபணு நோய்), எடை 12.5 கிலோ. உட்கார வைத்தால் உட்காருவாள், நிற்க முடியாது. இரவில் மட்டும் பைபாப் (மாஸ்க் வழியாக மூச்சுக்குத் துணை கொடுக்கும் மெஷின்). காஃப் அசிஸ்ட் மெஷின் (காற்றை ஊதி, உடனே இழுத்து, இருமலைப் போலக் கபத்தை எடுப்பது) வந்து இரண்டு வாரம்தான். பிளஸ் 25, மைனஸ் 25-ல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தாங்கினால் 35 வரை ஏற்றலாம் என்று டாக்டர் எழுதியும் கொடுத்திருக்கிறார். கபம் உறிஞ்சும் சக்ஷன் மெஷின், ஆக்ஸிமீட்டர், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பை இருக்கின்றன. உணவு கொடுக்க வயிற்றில் குழாய் போட்டிருக்கிறது, ஆனால் பாதி சாப்பாடு வாய் வழியாகத்தான்.

நேற்று மூக்கொழுகலில் ஆரம்பித்தது. இன்று காய்ச்சல் 101. வழக்கமாக 97, 98 காட்டும் ஆக்ஸிமீட்டர் இப்போது 94, 95. காலையில் டாக்டர் பார்த்துவிட்டார். "நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வீட்டிலேயே பாருங்கள், மோசமானால் உடனே வாங்க" என்றார். எதை மோசம் என்று எடுத்துக்கொள்வது என்பதுதான் என் குழப்பம்.

1. காஃப் அசிஸ்டை ஒரு நாளைக்கு எத்தனை முறை வைக்கலாம்? அதிகமானால் நெஞ்சுக்குக் கெடுதலா?
2. உறவினர் வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் சும்மா இருக்கிறது. இரவில் 1 லிட்டர் வைத்துவிட்டால் பாதுகாப்புதானே?
3. பால் பாதிதான் உள்ளே போகிறது. குழாயில் எவ்வளவு கொடுக்கலாம்?
4. பகலிலும் பைபாப் போட்டதில் மூக்குத்தண்டு சிவந்துவிட்டது.
5. எந்த நிலையில் கிளம்ப வேண்டும்?

---

மூச்சுப்பயிற்சி (சுவாச பிசியோதெரபி):

வணக்கம் சகோதரி. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது இன்றிரவுக்கானது. கான்சன்ட்ரேட்டரை இப்போது கொண்டு வரவேண்டாம்.

உங்கள் மகளின் நுரையீரல் நல்ல நுரையீரல். அதை விரித்துச் சுருக்கும் விலா எலும்பிடைத் தசைகள்தான் பலவீனம். சளி பிடித்தால் இரண்டு காரியம் நடக்கும். இருமல் பலமில்லாததால் கபம் மூச்சுக்குழாயில் தங்கும். மூச்சு மேலோட்டமாகிக் கார்பன் டை ஆக்ஸைடு உள்ளே தேங்கும். இந்த இரண்டையும் ஆக்ஸிஜன் சரிசெய்யாது. மீட்டரில் எண்ணை மட்டும் 98 ஆக்கிவிடும். கபம் அடைத்திருப்பதும், மூச்சு குறைந்திருப்பதும் அந்த 98-க்குப் பின்னால் மறைந்துவிடும். நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள், குழந்தை மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆக்ஸிஜன் இல்லாமல் மீட்டர் 94 காட்டுகிறது என்றால் அது உங்களிடம் "கபத்தை எடு, மூச்சுக்குத் துணை கொடு" என்று சொல்கிறது. அந்த எச்சரிக்கை மணியின் வாயைக் கட்டாதீர்கள்.

ஆக்ஸிஜன் கூடவே கூடாதா என்றால், கூடும். பைபாப் ஓடும்போதே அதன் குழாயில் சேர்த்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அளவைப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். உதடு நீலமாகி ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாரும் ஆக்ஸிஜனை மறுக்கச் சொல்ல மாட்டார்கள். அப்போதும் அம்பு பையோடு சேர்த்துத்தான். பைபாப் இல்லாமல் மூக்குக் குழாயில் தனியாக ஆக்ஸிஜன் வைத்துத் தூங்கவிடுவதுதான் ஆபத்து.

இனி காஃப் அசிஸ்ட். 95-க்குக் கீழே இறங்கினாலோ, வழக்கமான எண்ணிலிருந்து 3 குறைந்தாலோ நேரம் பார்க்காமல் வைக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் காலை மாலை 2 முறை போதும். சளி நாளில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை முழுச் சுற்று, இடையில் கரகரப்பு கேட்கும் போதெல்லாம் சின்னச் சுற்று. உங்களுக்குக் கொடுத்த அழுத்தத்துக்குள், நுரையீரலில் காற்றுக் கசிவோ காற்றுக் கொப்புளமோ இல்லாத குழந்தைக்கு, எண்ணிக்கை கூடுவதால் நெஞ்சுக்குக் கெடுதல் இல்லை. களைப்புத்தான் வரும். அதனால் செட்டுக்குச் செட்டு ஓய்வு கொடுங்கள்.

முழுச் சுற்று என்று நான் சொல்வது இது. முதலில் 5 மூச்சு கொண்ட செட் நான்கு: உள்ளே 1 முதல் 1.5 விநாடி, வெளியே அதே அளவு, நடுவில் 1 விநாடி இடைவெளி. ஒவ்வொரு செட் முடிந்ததும் வாயில் வந்த கபத்தைச் சக்ஷன் செய்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பைபாப்பை மாட்டி ஓய்வு. பிறகு ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, கிண்ணம்போல் குவித்த கையால் மேலே இருக்கும் பக்கத்து விலாவில் 5 நிமிடம், மறுபக்கம் 5 நிமிடம் தட்டுங்கள். முதுகெலும்பு, வயிறு, விலாவின் அடிவிளிம்பில் தட்டக் கூடாது. திரும்பக் காஃப் அசிஸ்ட், சக்ஷன். அதன் பிறகு இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துத் தலை சற்றுத் தாழ, பைபாப் ஓடியபடியே, 10 முதல் 15 நிமிடம். மறுபடி காஃப் அசிஸ்ட், சக்ஷன். மொத்தம் முக்கால் மணி நேரம் பிடிக்கும். நேரமில்லை என்றால் தட்டுவதை விடுங்கள், காஃப் அசிஸ்டை விடாதீர்கள். தட்டினால் கபம் இடம் பெயரும், அவ்வளவுதான். இருமும் சக்தி இல்லாத குழந்தைக்கு அதை வெளியே கொண்டுவருவது மெஷின். தட்டிவிட்டு மெஷின் வைக்காமல் விட்டால், ஓரத்தில் இருந்த கபத்தைப் பெரிய குழாயில் கொண்டுவந்து நிறுத்தியதாகிவிடும்.

கடைசி செட்டை உள்மூச்சில் முடியுங்கள். வெளியே இழுத்ததோடு நிறுத்தினால் நுரையீரல் சுருங்கிய நிலையிலேயே நிற்கும்.

25 போதுமா என்று எப்படித் தெரியும்? உள்ளே ஊதும்போது நெஞ்சு கண்ணுக்குத் தெரிந்து எழ வேண்டும். எழவில்லை என்றால் முதலில் மாஸ்க் கசிவைப் பாருங்கள். 25-ல் வைத்த மெஷினின் முள் 15-ல் நின்றால் காற்று கன்னத்தோரம் போகிறது என்று அர்த்தம். தினமும் ஒரு தடவை, குழாய் முனையை உள்ளங்கையால் அடைத்து ஓடவிட்டு, வைத்த எண்ணுக்கு முள் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையானால் குழாய் இணைப்பு தளர்ந்திருக்கும், இல்லை ஃபில்டர் ஈரமாகியிருக்கும். ஃபில்டரைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். கசிவு இல்லாமலும் நெஞ்சு எழவில்லை என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த 35-க்குள், 2, 3 என்று ஏற்றுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 30-லிருந்து 40-க்குள்தான் கபம் நன்றாக வருகிறது.

---

இரவுவிளக்கு:

மிக்க நன்றி சார். கான்சன்ட்ரேட்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சிக்கல்: மாஸ்கைப் பார்த்தாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். மூடிய வாயில் வைத்தால் பயன் உண்டா?

---

மூச்சுப்பயிற்சி:

மூக்கு வழியாகக் காற்று உள்ளே போகும், நெஞ்சு விரியும், அதுவே பாதிப் பயன். கபம் வெளியே வருவதுதான் குறையும். மெஷினைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றுங்கள். முதல் 5 மூச்சு உள்ளே ஊதுவது மட்டும், இழுப்பு வேண்டாம். அவள் மூச்சு எடுக்கத் தொடங்கும் நொடியில் ஊதினால் முட்டாது. அவள் விடும் நேரத்தில் ஊதினால் திணறும், அந்தப் பயத்தில்தான் வாயை மூடுவாள். "உள்ளே... இப்போ வெளியே" என்று ஒரே குரலில் எண்ணுங்கள். அந்தத் தாளம் பழகியதும் இழுப்பைச் சேருங்கள். மூச்சைத் தானே உணர்ந்து ஓடும் வசதி உங்கள் மெஷினில் இருந்தாலும் இப்போது வேண்டாம். சளி நாளில் அவள் மூச்சு மெஷின் உணரும் அளவுக்குப் பலமாக இருக்காது.

இழுக்கும்போது தொண்டை ஒட்டிக்கொள்வது போல "க்ளக்" என்று நின்றுவிட்டால் இழுப்பு வேகம் அவளுக்கு அதிகம். விழுங்கும் தசை பலவீனமான குழந்தைகளுக்கு இது நடக்கும். மைனஸை மட்டும் 5 குறைத்துப் பாருங்கள்.

வயிறு உப்பினால் செட்டுக்கு நடுவில் வயிற்றுக் குழாயைத் திறந்து காற்றை விடுங்கள்.

---

வார்டுநிழல் (குழந்தைகள் தீவிர சிகிச்சை, செவிலியர்):

அம்மா, 94 என்று வருவதை நம்புவதற்கு முன் மீட்டரைச் சரிபாருங்கள். காய்ச்சல் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் எண் பொய். கையைத் தேய்த்துச் சூடாக்கி, முடிந்தால் கால் கட்டைவிரலில் மாட்டி, 30 விநாடி அசையாமல் விட்டுப் படியுங்கள். மீட்டர் காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் கையில் எண்ணும் துடிப்பும் ஒத்துப்போனால்தான் ஆக்ஸிஜன் எண்ணும் சரி. கருமையான தோலில் சில மீட்டர்கள் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். அதனால் 95 காட்டுகிறதே என்று குழந்தையைப் பார்க்காமல் விடக் கூடாது.

பார்க்க வேண்டியது நெஞ்சும் வயிறும். சட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில், பக்கவாட்டில் இருந்து ஒரு நிமிடம் பாருங்கள். எஸ்எம்ஏ-வில் உதரவிதானம் ஓரளவு பலமாக இருக்கும், விலாத் தசை இருக்காது; மூச்சு இழுக்கையில் வயிறு மேலே வரும், நெஞ்சு உள்ளே போகும். பல குழந்தைகளுக்கு நல்ல நாளிலேயே இது கொஞ்சம் இருக்கும். அதனால் நன்றாக இருக்கும்போது ஒரு 30 விநாடி வீடியோ எடுத்து வையுங்கள். சளி நாளில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சொல்லாமலே தெரியும். டாக்டருக்கும் அதுதான் பெரிய உதவி.

இதிலேயே இன்னொன்று. மூச்சுத் திணறினால் நிமிர்த்தி உட்கார வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எஸ்எம்ஏ-வில் சின்னக் குழந்தைகளுக்குப் பல நேரம் படுத்திருப்பதுதான் சுலபம். உட்கார வைத்தால் வயிற்று உறுப்புகள் கீழே தொங்கி, உதரவிதானம் தட்டையாகி, இழுக்க இடமில்லாமல் போகும். உட்கார்த்தி ஒரு முறை, படுக்க வைத்து ஒரு முறை மீட்டரைப் பார்த்தால் உங்கள் குழந்தையின் நிலை தெரிந்துவிடும்.

பைபாப். சளி நாளில் பகலிலும் தூங்கும்போதெல்லாம் போடுங்கள், தேவைப்பட்டால் விழித்திருக்கும்போதும். அழுத்தத்தையும் மூச்சு எண்ணிக்கையையும் நீங்களாக மாற்ற வேண்டாம். மூக்குத்தண்டு சிவப்புக்குக் காரணம் பெரும்பாலும் வாரை இறுக்குவது. காற்று கசிந்தால் நம் கை தானாக வாரை இழுக்கும், அது தவறு. மாஸ்கை முகத்திலிருந்து ஒரு முறை முழுக்கத் தூக்கி, காற்று ஓடும்போதே திரும்ப வைத்தால் சிலிகான் மடிப்பு விரிந்து தானாகப் பொருந்தும். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவில் உங்கள் ஒரு விரல் சுலபமாக நுழைய வேண்டும். மாஸ்க் கழற்றி அரை மணி ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் தோல் புண்ணாகத் தொடங்கிவிட்டது. மூக்குத்தண்டில் ஹைட்ரோகொலாய்ட் பட்டை (தோலைக் காக்கும் ஒட்டுப்பட்டை) மெல்லியதாக ஒட்டுங்கள். வேறு இடத்தில் அழுத்தும் இரண்டாவது மாஸ்க் ஒன்று வைத்து மாற்றி மாற்றிப் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. முகத்துக்கு எண்ணெய், வாசலின் வேண்டாம். மாஸ்க் வழுக்கும், சிலிகானும் கெடும்.

இரண்டாவது மாஸ்க் வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஒற்றைக் குழாய் பைபாப்பில் குழந்தை விடும் காற்று மாஸ்க் முன்புறமுள்ள சின்னத் துளைகள் வழியாகத்தான் வெளியேறும். துளையில்லாத மாஸ்கும் கடையில் உண்டு, அது வேறு வகை மெஷினுக்கு. தெரியாமல் அதை மாட்டினால் விட்ட காற்றையே திரும்ப இழுப்பாள். "காற்று முகத்தில் அடிக்கிறது" என்று துளையை டேப் போட்டு மூடும் வீடுகளும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கையால் மாஸ்கைக் கழற்ற முடியாத குழந்தைக்கு மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்கை வாந்தி உள்ள இரவில் போட்டுவிட்டு யாரும் பக்கத்தில் இல்லாமல் இருக்கக் கூடாது. மூக்கு மாஸ்க்தான் பாதுகாப்பு.

ஈரப்பதக் கலத்தில் காய்ச்சி வடித்த நீர், தினமும் கொட்டிப் புதிதாக. மெஷின் கட்டிலைவிடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லையென்றால் குழாயில் தேங்கும் நீர் மூக்குக்குள் வரும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது ஈரப்பதச் சூட்டை அணைத்துவிடுங்கள். பேட்டரியை அதிகம் தின்பது அதுதான்.

சக்ஷன் அழுத்தம் 80-க்கும் 100 mmHg-க்கும் நடுவில், ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். குழாயை உள்ளே விடும்போது இழுப்பு இல்லாமல் விட்டு, எடுக்கும்போதுதான் இழுப்பு. மூக்கில் விடுவதானால் மூக்கு நுனியிலிருந்து காதுமடல் வரை அளந்து, அதற்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுத்த நீரை உறிஞ்சவிட்டுக் குழாயைக் கழுவுங்கள். காய்ந்த கபம்தான் "மெஷின் இழுக்கலை" என்பதற்குப் பாதிக் காரணம். மீதி, ஜாடி மூடி சரியாக உட்காராதது.

அம்பு பை அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். மாஸ்க் மாட்டிய நிலையில் கட்டில் தலைமாட்டில் தொங்கட்டும். மெஷின் நின்றால் நிமிடத்துக்குச் சுமார் 20 தடவை, நெஞ்சு எழும் அளவு மட்டும் அழுத்துங்கள். முழுப் பையையும் பிழிய வேண்டியதில்லை.

---

பால்கணக்கு (உணவியல்):

மூன்றாவது கேள்விக்கு.

12.5 கிலோவுக்கு ஒரு நாளின் அடிப்படைத் திரவத் தேவை: முதல் 10 கிலோவுக்கு 1,000 மி.லி., மிச்சம் 2.5 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 வீதம் 125. ஆக 1,125 மி.லி. பால், நீர், மருந்து கரைத்த நீர் எல்லாம் சேர்த்து. 24 மணிக்குப் பரப்பினால் மணிக்கு 47 மி.லி. காய்ச்சலில் இதற்குக் கொஞ்சம் மேலேயே தேவைப்படும். வாய் வழியாக எவ்வளவு போனது என்று அளந்து எழுதி, குறைந்ததைக் குழாயில் ஈடுகட்டுங்கள்.

திரவத்தைவிட முக்கியம் இடைவெளி. எஸ்எம்ஏ குழந்தைக்குத் தசை குறைவு. பட்டினி நேரத்தில் ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்க உடம்பு எடுக்கும் மூலப்பொருளில் முக்கியப் பங்கு தசையிலிருந்துதான் வரும். இவர்களுக்கு அந்தக் கையிருப்பு இல்லாததால் மற்றக் குழந்தை தாங்கும் பட்டினி இவர்களைச் சீக்கிரமே கவிழ்த்துவிடும்: ரத்தச் சர்க்கரை இறங்கும், ரத்தத்தில் அமிலம் ஏறும், தசை இன்னும் தளரும், அதனால் மூச்சு இன்னும் குறையும். சளி நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது, இரவிலும். வெறும் தண்ணீர் இந்தக் கணக்கில் வராது, கலோரி வேண்டும். இரவு 10-லிருந்து காலை 6 வரை மணிக்கு 40 மி.லி. என்று பம்ப்பில் மெதுவாக விடுவது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உங்கள் உணவியலாளரிடம் அந்த வேகத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாந்தி வந்தால் நிறுத்திவிட வேண்டாம். அரை மணி விட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலை 5 நிமிடத்துக்கு 10 மி.லி. என்று தொடங்குங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது, ஆஸ்பத்திரியில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) டிரிப் தேவை.

பைபாப் ஓடும்போது வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். ஊதும் காற்று பாலை மூச்சுக்குழாய்க்குத் தள்ளும். குழாயில் கொடுக்கலாம். கொடுக்கும் முன் 60 மி.லி. சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழலை அந்தக் குழாயில் மாட்டி வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். காற்று குமிழ் குமிழாக வரும், கூடவே வரும் பால் அதே குழலில் நின்று திரும்ப இறங்கும். இந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிட்டால் உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், அவளிடம் மிச்சமிருக்கும் ஒரே நல்ல மூச்சுத் தசை அதுதான். காஃப் அசிஸ்ட் சாப்பாட்டுக்கு முன்பு, அல்லது சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு. பம்ப் ஓடுகிறது என்றால் அரை மணி முன்பு நிறுத்திக் காற்றை விட்டுவிட்டு வையுங்கள். தலை தாழ்த்திப் படுக்க வைக்கும் சுற்றுக்கு இது இன்னும் கண்டிப்பு.

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10-லிருந்து 15 மி.கி., நாளுக்கு 4 வேளைக்கு மேல் இல்லை. தசை குறைந்து, சாப்பிடாமலும் இருக்கும் குழந்தைக்கு இது கல்லீரலில் எளிதில் சுமையாகும். அதனால் இரண்டாம் நாளும் தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டே கொடுங்கள். சளி சிரப்பில் பாராசிட்டமால் கலந்திருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள்; தெரியாமல் இரட்டை அளவு போவது அப்படித்தான்.

---

மூச்சுப்பயிற்சி:

சிரப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இருமலை அடக்கும் மருந்து எதுவும் வேண்டாம். இருமலே இல்லாத குழந்தைக்கு எதை அடக்குவது? தூக்கம் வரவைக்கும் சளி சிரப்புகள் மூச்சையும் குறைக்கும், கபத்தையும் காயவைத்துப் பசையாக்கும். எச்சில் குறைக்க கிளைகோபைரோலேட் கொடுப்பவர்கள் சளி நாளில் அளவை டாக்டரிடம் கேளுங்கள், அதே காரணம்தான். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு தாராளமாக விடலாம்.

---

சக்கரம்_12:

டுஷேன் (இன்னொரு மரபணுத் தசைச் சிதைவு நோய்) குழந்தைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். காஃப் அசிஸ்ட், ஆக்ஸிஜன் பற்றிச் சொன்னது டுஷேனுக்கும் பொருந்தும். படுக்க வைப்பது பொருந்தாது. டுஷேனில் உதரவிதானமும் போகப்போகப் பலவீனமாகும், பெரிய பிள்ளைகளுக்குத் தட்டையாகப் படுத்தால்தான் மூச்சு முட்டும்.

ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்கு வாந்தி வந்து மாத்திரை தங்கவில்லை என்றால் "நாளைக்குச் சேர்த்துக் கொடுக்கலாம்" என்று விடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டில் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு வழக்கத்தைவிட அதிகம் தேவை, உள்ளே சுரப்பதோ இல்லை. துவண்டு போவது, தொடர் வாந்தி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்குவது அட்ரினல் நெருக்கடி. உடனே ஹைட்ரோகார்டிசோன் ஊசி வேண்டும். காய்ச்சலுக்கு அளவை எவ்வளவு கூட்டுவது என்று நல்ல நாளிலேயே எழுதி வாங்கி வையுங்கள்.

அவசரப் பிரிவில் ரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற நொதிகள் எகிறியிருப்பதைப் பார்த்துக் கல்லீரல் நோய் என்று அலைய விடுவதுண்டு. டுஷேனில் அவை தசையிலிருந்து வருபவை. கல்லீரலைப் பார்க்க ஜிஜிடி கேட்கச் சொல்லுங்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் சக்சினைல்கோலின் என்ற தசைதளர்த்தி கூடவே கூடாது: ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். முகர வைக்கும் மயக்க வாயுக்களையும் தவிர்க்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த பிறகு மூச்சுத் திணறலும் குழப்பமும் வந்தால் அது கொழுப்புக் கட்டி ரத்தத்தில் போன அறிகுறி, வலியால் அழுகிறான் என்று நினைக்க வேண்டாம். நாற்காலியின் இடுப்பு பெல்ட்டை வீட்டுக்குள் நகர்த்தும்போதும் மாட்டுங்கள்.

---

வார்டுநிழல்:

அம்மா, உங்கள் ஐந்தாவது கேள்வி. "மோசமானால்" என்பதற்கு எண் கேட்டீர்கள், இதுதான் நான் சொல்லும் கணக்கு. உங்கள் டாக்டரிடம் காட்டித் திருத்தி, கட்டில் பக்கச் சுவரில் ஒட்டுங்கள்.

முழுச் சுற்று இரண்டு முடித்து, பைபாப்பும் போட்ட பிறகு 94-க்குக் கீழே நின்றால் கிளம்புங்கள். காஃப் அசிஸ்ட் 2 மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தால், எண் நன்றாக இருந்தாலும் கிளம்புங்கள். வீட்டில் இருவர் மட்டும் அந்த வேகத்தில் ஒரு இரவைத் தாங்க முடியாது, குழந்தையும் தாங்காது. வழக்கமாகப் பகலில் மெஷின் இல்லாமல் இருப்பவளுக்குச் சாப்பிடும் 20 நிமிடத்துக்குக்கூடக் கழற்ற முடியவில்லை என்றால், 8 மணி நேரம் சிறுநீர் இல்லை என்றால், சர்க்கரை 70-க்குக் கீழே என்றால், காய்ச்சல் மூன்றாம் நாளும் இறங்கவில்லை என்றால் கிளம்புங்கள். எழுப்பினால் கண் திறக்காமல் வியர்த்துத் தூங்குவது, உதடு நிறம் மாறுவது, இந்த இரண்டுக்கும் எண் பார்க்கவே வேண்டாம்.

திடீரென்று 96-லிருந்து 85-க்கு விழுந்தால் அது பெரும்பாலும் கபக்கட்டி. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் நெஞ்சின் ஒரு பக்கம் எழாது. எழாத பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடைவெளி விடாமல் காஃப் அசிஸ்ட், சக்ஷன், காஃப் அசிஸ்ட். நடுவில் அம்பு பை. அதே நேரத்தில் இன்னொருவர் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். கபக்கட்டி வெளியே வந்து எண் ஏறிவிட்டாலும் போய்க் காட்டுங்கள், ஒரு கட்டி வந்த இடத்தில் இன்னொன்று வரும்.

போகும்போது சொந்த பைபாப், மாஸ்க், காஃப் அசிஸ்ட், எல்லா சார்ஜரும் கூட வரட்டும். சின்ன ஆஸ்பத்திரிகளில் காஃப் அசிஸ்ட் இருக்காது, இருந்தாலும் அவள் அளவு மாஸ்க் இருக்காது. வண்டியில் பைபாப் ஓடிக்கொண்டே இருக்கட்டும், இருக்கை சாய்ந்திருக்கட்டும். ஒரே பக்கத்தில் இவற்றை எழுதி லேமினேட் செய்து பையில் வையுங்கள்: நோயின் முழுப்பெயர், எடை, பைபாப் எண்கள் எல்லாம், காஃப் அசிஸ்ட் எண்கள், வழக்கமான ஆக்ஸிஜன் அளவும் நாடியும், மருந்துகள், டாக்டர் எண். கீழே பெரிய எழுத்தில் மூன்று வரி:

பைபாப் இல்லாமல் தனி ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டாம்.
4 மணி நேரத்துக்கு மேல் டெக்ஸ்ட்ரோஸ் இல்லாமல் பட்டினி போட வேண்டாம்.
மூச்சுக்குழாய் போட நேர்ந்தால், எடுக்கும்போது நேராகப் பைபாப்பிலும் காஃப் அசிஸ்டிலும் எடுக்கவும்.

இரவு இருவரும் விழித்திருக்காதீர்கள். 10 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 6 வரை ஒருவர். மாறும்போது வாயால் சொல்வது போதாது, நோட்டில் ஒரு வரி இருக்கட்டும், இப்படி:

"1.40. 93, நாடி 138. கா.அ. 4 செட், மஞ்சள் கபம் கெட்டி, சக்ஷன் 3 தடவை. பிறகு 97, நாடி 120. பால் 40. டயபர் ஈரம்."

நாடியை விடாமல் எழுதுங்கள். ஆக்ஸிஜன் எண் இறங்குவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே நாடி ஏறத் தொடங்குவது அடிக்கடி நடக்கும்.

---

இரவுவிளக்கு:

எல்லோருக்கும் நன்றி. கைமுறையில் வைத்ததும் வாயைத் திறந்தாள். கடைசியாக ஒன்று: தூக்கும்போது கக்கத்தில் கை கொடுத்தால் கபம் கரகரவென்று கேட்கிறது, மூச்சும் ஒரு நொடி நிற்கிறது. சளியாலா?

---

மூச்சுப்பயிற்சி:

தூக்கும் விதத்தால். தோள்தசை பலவீனமான குழந்தையைக் கக்கத்தில் பிடித்தால் தோள் மேலே போய், உடம்பு கையிலிருந்து வழுக்கும். நெஞ்சுக்கூட்டை உங்கள் கை நசுக்கும், தலை பின்னால் சாயும், தொண்டை மடங்கும். ஒரு முன்கையை இரு தொடைக்கும் அடியில் கொடுங்கள். மறுகையை முதுகுக்குப் பின்னால் விட்டு, உள்ளங்கையால் தூரத்துத் தோளைப் பிடித்து, தலை உங்கள் முழங்கை மடிப்பில் விழும்படி தூக்குங்கள். தூக்கும் முன் ஒரு முறை சக்ஷன். படுக்க வைத்ததும் எந்தப் பக்கம் படுத்தாள் என்பதையும் அந்த நோட்டில் எழுதி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். ஒரே பக்கம் கிடந்தால் கீழ்ப்பக்க நுரையீரலில்தான் அடுத்த கபம் சேரும்.